முதல் மணி நேரம்

பிப்ரவரி 3

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம். போனில் பேச எனக்கு வராது என்பது தங்களுக்குத் தெரியும். 'அப்புறம்', 'அப்புறம்' என்று நாம் இருவரும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருப்போம். பின்னால் இருந்து யாராவது போனை வாங்கிக்கொள்வார்கள். ஆகவே எழுதுகிறேன். எழுதினாலும் ஒன்றைச் சொல்லத் தொடங்கி வேறொன்றில் போய் நிற்பவன் நான். அதனால் சொல்லப்போவதை முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. தங்கள் ஊருக்கு வந்தும் தங்கள் வீட்டுக்கு வராமல் திரும்பியது ஏன்.
2. தங்கள் வகுப்பில் நான் பார்த்தது.
3. எல்லா ஆசிரியர்களையும் ஒரே அளவு நேரம் பார்த்தேன், ஆகவே யாருக்கும் அநீதி செய்யவில்லை என்பது.
4. பேத்தியின் பல்.

முதலாவது. தங்கள் கல்லூரியில் டயாலிசிஸ், மயக்க மருந்து, கதிர்வீச்சு என்று ஒவ்வொரு தனித்துறைக்கும் ஆள் பயிற்றுவிக்கிறீர்கள். அங்கே கற்பிப்பவர்கள் தங்கள் தொழிலில் கைதேர்ந்தவர்கள். ஆனால் கற்பிக்கத் தயாராக இருக்கிறார்களா என்று பார்த்துச் சொல்ல ஒரு குழு போட்டார்கள். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் காலம் தள்ளியவன் என்று என்னையும் அதில் சேர்த்தார்கள். தாங்கள் எனக்குச் சம்பந்தி என்று பிரின்சிபாலிடம் முன்கூட்டியே சொன்னேன். அவர் சிரித்தார். "இந்த காலேஜ்ல யாருக்கு யார் சொந்தம் இல்ல சார்? அதெல்லாம் பாத்தா மேலேருந்துதான் ஆள் எறங்கி வரணும்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மதிப்பிட வந்தவன் மதிப்பிடப்படுபவர் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது என்று எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டு, ஸ்டேஷனில் பிஸ்கட் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு ரயில் ஏறினேன். அது மரியாதையா, அவமரியாதையா என்று வழியெல்லாம் யோசித்தேன்.

இரண்டாவது. தங்கள் பயிற்சி அறையில் புது டயாலிசிஸ் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. நோயாளி இல்லை, குழாய்களில் ரத்தத்துக்குப் பதில் உப்புத் தண்ணீர். திடீரென்று அலாரம் அடித்தது. குழாயில் காற்று புகுந்திருக்கிறது என்று திரை சொன்னது. முன்னால் நின்ற பெண் குனிந்து பார்த்துவிட்டு, "மேடம், காத்தே இல்லையே, எதுக்கு கத்துது?" என்று கேட்டாள். தாங்கள் இயந்திரத்தைப் பார்த்தீர்கள். பதில் சொல்லவில்லை. இன்னொரு மாணவர் கேட்டார். அப்போதும் இல்லை. குழாயை விரலால் சுண்டிப் பார்த்தீர்கள், மறுபடியும் நின்றீர்கள். அலாரம் அடித்துக்கொண்டே இருந்தது. என் நேரம் முடிந்ததால் நான் எழுந்து வந்துவிட்டேன்.

என் தாளில் 'மாணவர் கேள்விக்கு ஆசிரியர் பதிலளித்தாரா?' என்று ஒரு வரி உண்டு. அதில் 'இல்லை' என்று எழுதினேன். கடைசியில் ஒரு கட்டம் இருக்கிறது; 'தயார்' அல்லது 'தயாரில்லை'. தயாரில்லாதவர்களை மார்ச் மாதம் முதல் வார்டுக்கே திருப்பி அனுப்பப் போகிறார்கள். அந்தக் கட்டத்தைப் பென்சிலால் நிரப்பியிருக்கிறேன். எப்படி நிரப்பினேன் என்று தாங்கள் ஊகிக்கலாம். அறிக்கையை மாதக் கடைசியில் அனுப்ப வேண்டும். எனக்குப் புரியாத ஏதாவது அங்கே நடந்ததா? இப்படிக் கேட்பதே முறையா என்றும் தெரியவில்லை.

மூன்றாவது. ஒவ்வொரு வகுப்பும் இரண்டு மணி நேரம். எல்லாரையும் பார்த்து முடிக்க வேண்டுமென்பதால், எல்லாருக்கும் முதல் மணி நேரம் மட்டும் என்று திட்டமிட்டேன். தங்களுக்குக் குறைத்ததும் இல்லை, பிறருக்குக் கூட்டியதும் இல்லை. மயக்க மருந்துப் பிரிவில் ஓர் இளம் டாக்டர் இருக்கிறாரே, அவர் தண்ணீர் ஓடுவதுபோலப் பேசினார். ஒரு கேள்விக்கும் தடுமாறவில்லை. நான் எழுந்ததும் தானும் எழுந்து, வாசல்வரை வந்து வழியனுப்பினார். "பிள்ளைகள் காத்திருப்பார்களே" என்றேன். "அவங்க இருப்பாங்க சார்" என்றார். அவ்வளவு பண்பு.

நான்காவது. பேத்திக்கு முன்பல் ஆடுகிறது. யாரையும் தொட விடுவதில்லை. வாண்டு, பல்லோடு சேர்த்து வாயையும் மூடிக்கொண்டிருப்பதால் வீடு அமைதியாக இருக்கிறது.

தங்கள்,
சம்பந்தி


பிப்ரவரி 8

சம்பந்தி ஐயா அவர்களுக்கு,

வணக்கம். கடிதத்துக்குப் பொருளடக்கம் போடும் மனிதரை இப்போதுதான் பார்க்கிறேன். பக்க எண்ணும் போட்டிருந்தால் பைண்டு செய்து வைத்திருப்பேன்.

நீங்கள் வருவதாகப் பிரின்சிபால் சொன்னதும் லீவு சொல்லிவிட்டு சமைக்கலாமா என்று பார்த்தேன். வகுப்பு இருந்ததால் முடியவில்லை. விடியற்காலையில் எழுந்து சமைத்து மூடி வைத்துவிட்டு வந்தேன். மாலையில் கேட்டில் நின்று பார்த்தால் வாட்ச்மேன், "அவரு அப்பவே ஆட்டோல போயிட்டாரும்மா" என்கிறார். இரண்டு நாள் நானே சாப்பிட்டேன். உங்கள் விதியில் பிஸ்கட்டுக்கு அனுமதி, என் கைச் சாப்பாட்டுக்குத் தடை. நன்றாக இருக்கிறது ஐயா உங்கள் நியாயம்.

வகுப்பைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பார்த்தது நீங்கள். பார்த்ததை எழுதுங்கள். அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை. சம்பந்தி என்பதற்காக ஒரு வரியைக் கூட்ட வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

ஒன்று மட்டும் சொல்கிறேன், மனத்தாங்கலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சனிக்கிழமை மாலைவரை நான் டயாலிசிஸ் வார்டில் சிஸ்டர். திங்கட்கிழமை காலையில் ஆசிரியர். நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்தது. அன்றைக்குத் துணி துவைத்தேன். கற்பிப்பது எப்படி என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. புத்தகமும் இல்லை. "நீங்க பாக்காத கேஸா சிஸ்டர், போய்ச் சொல்லுங்க" என்று அனுப்பினார்கள். முதல் வகுப்பில் எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லி முடித்தேன். மணியைப் பார்த்தால் பாதி வகுப்புகூட ஆகவில்லை. வார்டில் நூறு பேரைச் சமாளித்தவள், மீதி நேரத்துக்கு வருகைப் பதிவேட்டை மறுபடியும் வாசித்தேன்.

வார்டுக்குத் திரும்பினால் நைட் டியூட்டி போடுவார்கள். என் முட்டி அதற்கு ஒத்துக்கொள்ளாது. அதை உங்களிடம் சொல்லியிருக்கக் கூடாது. எழுதிவிட்டேன், அடிக்க மனமில்லை.

வாண்டின் பல்லை யாரும் பிடுங்க வேண்டாம். தானே விழும்.

சம்பந்தி


பிப்ரவரி 14

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நல்ல செய்தி சொல்ல எழுதுகிறேன். மகிழ்ச்சியில் வரிசை எண் போட மறந்துவிட்டேன், பொறுத்துக்கொள்ளவும்.

தங்கள் கடிதம் வந்ததிலிருந்து வீட்டில் எனக்கு நிம்மதி இல்லை. தங்கள் மகள் காலையில் டம்ளரை மேசையில் வைக்கும் சத்தமே மாறிவிட்டது. நேற்று நேராகவே கேட்டுவிட்டாள்.

"மாமா, எங்கம்மாவுக்கு என்ன போட்டீங்க?"

"அது ரகசியம்மா."

"ரகசியமா? உங்க மூஞ்சியிலயே ஃபெயில்னு எழுதியிருக்கே."

என் மகன் குறுக்கே வந்து உதவுவான் என்று பார்த்தேன். அவன், "என் மாமியாருக்கே மார்க் போடற தைரியம் எனக்கே இல்லப்பா" என்று சொல்லிவிட்டு செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

அதன்பின் உட்கார்ந்து என் பழைய பாடக் குறிப்புகளைப் புரட்டினேன். நானே பல ஆண்டு வகுப்பில் சொன்னதுதான், அன்று நினைவுக்கு வரவில்லை. கேள்வி எழுந்ததும் ஆசிரியர் உடனே விடையை எடுத்துக் கொடுத்துவிடக் கூடாது, காத்திருக்க வேண்டும், அந்த மௌனத்தில்தான் மாணவர் யோசிப்பார். தாங்கள் செய்தது அதுதான்! அலாரம் அடித்தபோது தாங்கள் வேண்டுமென்றே வாய் திறக்கவில்லை. குழாயைச் சுண்டியது அவர்களுக்குக் காட்டிய குறிப்பு. யாரிடமும் கற்காமல், அனுபவத்திலிருந்தே அந்த முறையைத் தாங்கள் கண்டுபிடித்திருக்கிறீர்கள். நான்தான் கண்ணிருந்தும் பார்க்காமல் வந்துவிட்டேன்.

பென்சிலை அழித்துவிட்டுப் பேனாவால் 'தயார்' என்று எழுதிவிட்டேன். கீழே, 'இவருடைய மௌனம் பிற ஆசிரியர்களுக்கு ஒரு பாடம்' என்று ஒரு வரியும் சேர்த்தேன். இதைத் தங்கள் மகளிடம் சொன்னேன். டம்ளர் மெதுவாக வைக்கப்படுகிறது.

தங்கள்,
சம்பந்தி


பிப்ரவரி 17

சம்பந்தி ஐயா அவர்களுக்கு,

தயவுசெய்து அந்த வரியை அடித்துவிடுங்கள். கட்டத்தில் எழுதியதையும்.

முறையும் இல்லை, மௌனமும் இல்லை. எனக்குத் தெரியவில்லை ஐயா. அவ்வளவுதான். அன்றைக்கு அந்த மெஷின் வந்து பத்து நாள்கூட ஆகியிருக்கவில்லை. பழைய மெஷின் என்றால் சத்தத்தை வைத்தே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவேன், சமையல்கட்டில் இருந்து குக்கர் விசில் கேட்பதுபோல. இது என்ன சொல்கிறதென்றே எனக்குப் புரியவில்லை. குழாயைச் சுண்டியது குறிப்பு இல்லை. குமிழி எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று நானே தேடினேன். பின்னால் நீங்கள் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறீர்கள். நீங்கள் எழுந்து போனதும்தான் எனக்கு மூச்சே வந்தது.

அப்புறம் பிள்ளைகளிடம் சொன்னேன். "எனக்குத் தெரியலடா. இது புது மெஷின். ஆனா பேஷண்ட் படுத்திருக்கார்னு வெச்சுக்கோங்க, காரணம் தெரியலன்னு கைய கட்டிட்டு நிக்க முடியுமா? காரணம் தெரியற வரைக்கும் என்ன செய்வீங்க?" முதலில் ரத்தம் உடம்புக்குத் திரும்பும் குழாயைக் கிடுக்கி போட்டு அடைப்பது, ஆளிடம் மூச்சு எப்படி இருக்கிறது என்று கேட்பது, யாரைக் கூப்பிடுவது, அலாரத்தை ஏன் அமுக்கிவிட்டுப் போகக் கூடாது, இதையே திரும்பத் திரும்பச் செய்ய வைத்தேன். காரணத்தை அன்றைக்குக் கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை. மறுநாள் கம்பெனி ஆளுக்குப் போன் செய்து கேட்டேன். காற்றைக் கண்டுபிடிக்கும் சென்சாரில் உப்புத் தண்ணீர் காய்ந்து படிந்திருக்கிறதாம். ஈரத் துணியால் துடைத்தேன், சத்தம் நின்றது. எவ்வளவு சின்ன விஷயம். வெட்கமாகப் போய்விட்டது.

நீங்கள் எனக்காக ஒரு பொய்யை நம்பியிருக்கிறீர்கள். எழுதியது தெரியாமல்தான் என்றாலும், அதை வைத்து நான் அந்த நாற்காலியில் உட்கார முடியாது. 'கற்பிக்க நான் தயாரில்லை, வார்டுக்கு மாற்றவும்' என்று நானே எழுதி இன்று காலை பிரின்சிபாலிடம் கொடுத்துவிட்டேன். என் மகளிடம் இப்போது சொல்ல வேண்டாம். டம்ளர் பத்திரம்.

சம்பந்தி


பிப்ரவரி 20

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதத்தைப் படித்த பிறகு எனக்கு எல்லாமே குழம்பிவிட்டது. முதலில் தங்களைத் தவறாகத் தாழ்த்தினேன். பிறகு தவறாக உயர்த்தினேன். இரண்டு முறையும் என் கையில் காரணம் இருந்தது, புத்தக ஆதாரமும் இருந்தது. மூன்றாவது முறை நான் எதைச் சொன்னாலும் எனக்கே நம்பிக்கை இல்லை.

கேள்விக்குப் பதில் தெரியாத ஆசிரியர் தயாரில்லாதவர்தானே? ஆம் என்கிறது ஒரு மனம். ஆனால் நோயாளியின் பக்கத்தில் நிற்கப்போகிற பிள்ளைகளுக்கு, தெரியாத நேரத்தில் என்ன செய்வது என்று வேறு எந்த வகுப்பில் சொல்லித் தந்தார்கள் என்று என் தாள்களைப் புரட்டிப் பார்த்தேன். ஒன்றிலும் இல்லை. அப்படியானால் தாங்கள் ஒருவர்தான் தயாரா? அதுவும் சரியாகப் படவில்லை. புது இயந்திரத்தை வகுப்புக்கு முன்பே பார்த்து வைத்திருக்கலாமே என்று உள்ளே இன்னொரு குரல் சொல்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பிரின்சிபாலுக்குப் போன் செய்தேன். இம்முறை யாரும் என் கையிலிருந்து போனை வாங்கவில்லை. நானே முழுக்கப் பேசினேன். தாங்கள் அவரிடம் கொடுத்த கடிதத்தின்மேல் மாதக் கடைசிவரை நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்றேன்.

"அவங்களே தயாரில்லன்னு எழுதிக் குடுத்துட்டாங்க, அப்புறம் நீங்க எதுக்கு சார் கஷ்டப்படறீங்க?" என்றார்.

"அவங்களுக்கும் நிச்சயமா தெரியாதுங்க" என்றேன்.

"யாருக்குத்தான் சார் தெரியும்?"

"எனக்கும் தெரியாது."

பிறகு, "சரி, இருபத்தெட்டு வரைக்கும் வெச்சிருக்கேன்" என்றார்.

தங்கள் வகுப்பில் இன்னொரு முறை உட்கார அனுமதிப்பீர்களா? இம்முறை கடைசிவரை. ஆனால் பிறருக்குக் கொடுத்ததைவிடத் தங்களுக்கு அதிக நேரம் கொடுப்பதாக ஆகிவிடும். மூன்றாவதாக நான் எழுதிய விதி அதைத் தடுக்கிறது. என்ன செய்வதென்று தாங்களே சொல்லவும்.

தங்கள்,
சம்பந்தி


பிப்ரவரி 23

சம்பந்தி ஐயா அவர்களுக்கு,

வியாழக்கிழமை காலை வகுப்பு இருக்கிறது. வாருங்கள். உங்கள் விதியை ரயிலில் விட்டுவிட்டு வாருங்கள். உங்களுக்காக நான் எதையும் தயார் செய்யப் போவதில்லை; எப்போதும் எடுப்பதுபோலத்தான் எடுப்பேன். தடுமாறினால் தடுமாறுவேன். புது மெஷினைத் தினமும் மாலை தனியாக ஓட்டிப் பார்க்கிறேன். நீங்கள் சொன்ன அந்த இன்னொரு குரல் சரியாகத்தான் சொன்னது.

வகுப்பு முடிந்ததும் வீட்டில் சாப்பாடு. பிஸ்கட் வாங்கினீர்கள் என்று வாட்ச்மேன் மூலம் தெரிந்தால் நம் சம்பந்தம் முறிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சம்பந்தி


பிப்ரவரி 27

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

வணக்கம். சுகமாக வந்து சேர்ந்தேன். சாப்பாட்டுக்கு நன்றி. மூன்று முறை பரிமாறியதை மறுக்கத் தெரியாமல் சாப்பிட்டதால், ரயிலில் பெல்ட்டைத் தளர்த்த வேண்டியிருந்தது. இனி வரிசையாக:

1. வகுப்பைப் பற்றி.
2. கட்டத்தில் எழுதியது.
3. பேத்தியின் பல்.
4. மயக்க மருந்துப் பிரிவு டாக்டர்.

வகுப்பைப் பற்றி உண்மையைச் சொல்கிறேன். முதல் மணி நேரம் நன்றாக இல்லை. நோயாளியின் உடம்பிலிருந்து எவ்வளவு நீரை எடுக்கலாம் என்ற கணக்கைத் திரையில் பார்த்து அப்படியே வாசித்தீர்கள். ஓரிடத்தில் ஒரு வரியை விட்டு, திரும்பி வந்து, மறுபடியும் அதே வரியை விட்டீர்கள். கடைசி வரிசையில் ஒரு பையன் தூங்கினான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. எனக்கும் கண் சொருகியது. முன்போல அப்போதே எழுந்து போயிருந்தால் முன்போலவே எழுதியிருப்பேன்.

பிறகு திரையை அணைத்தீர்கள். தூங்கியவனை எழுப்பி நாற்காலியில் உட்கார வைத்து, "நீதான் இன்னிக்கு பேஷண்ட், அதான் படுத்தே இருக்கியே" என்றீர்கள். அவன் கையில் குழாயை ஒட்டிவிட்டு, யாரும் எதிர்பார்க்காத நேரத்தில் அலாரத்தை அடிக்க வைத்தீர்கள். எல்லாரும் திரையைப் பார்த்தார்கள். நானும் திரையைத்தான் பார்த்தேன். "மெஷினுக்கு ஒண்ணும் ஆகாது. இவன் மூஞ்சிய யாராவது பாத்தீங்களா?" என்றீர்கள். அவன் தலையைத் தொங்கவிட்டு, கண்ணை மூடி, வாயைப் பிளந்து நடித்துக்கொண்டிருந்தான். எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த அலாரத்துக்கு ஒருவர்கூடத் திரையைப் பார்க்கவில்லை. இதைப் பார்க்கத்தான் நான் வந்தேன் என்று அப்போது தெரிந்தது. ஆனால் இதை எந்த வரியில் எழுதுவதென்று தெரியவில்லை. என் தாளில் அதற்கு வரி இல்லை.

கட்டம். பாதி வகுப்பு தயார், பாதி வகுப்பு தயாரில்லை என்று எழுதினேன். பிரின்சிபாலிடம் போனில் சொன்னபோது அவர் சொன்னது: "சார், கட்டத்துல ஒண்ணுதான் எழுத முடியும்." 'தயார்' என்று எழுதினேன். அதன் கீழே, 'கணக்குப் பாடத்தைச் சொல்லித்தரும் முறையை இவருக்கு யாராவது சொல்லித்தர வேண்டும். இதுவரை யாரும் சொல்லவில்லை' என்றும் எழுதினேன். எழுதியது சரிதானா என்று இப்போதும் ஐயம்தான். தாங்கள் கொடுத்த கடிதத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னார், போய் வாங்கிக்கொள்ளவும். மார்ச் மாதமும் அதே அறையில்தான் தங்கள் வகுப்பு.

பல் நேற்று தானே விழுந்தது. தாங்கள் சொன்னபடியே. அதை வாண்டு என் சட்டைப் பையில் போட்டு, "பத்திரமா வெச்சுக்கோ தாத்தா" என்றது. எதற்கென்று சொல்லவில்லை. வைத்திருக்கிறேன்.

டாக்டரைப் பற்றி. வியாழனன்று தங்கள் வகுப்பு பாதியில் இருந்தபோது தண்ணீர் குடிக்க வெளியே வந்தேன். பக்கத்து அறையில் மயக்க மருந்துப் பிரிவு மாணவர்கள் தனியாக உட்கார்ந்திருந்தார்கள். சிலர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "உங்க சார் எங்க?" என்றேன். ஒரு பெண், "எப்பவும் ஒரு மணி நேரம்தான் சார் எடுப்பார். அப்புறம் நாங்களே இருப்போம்" என்றாள். அன்று அவர் என்னோடு எழுந்து வாசல்வரை வந்தது என்னை வழியனுப்ப அல்ல. அவரும் போய்க்கொண்டிருந்தார். அவருக்குத்தான் நான் எல்லாரையும்விட உயர்வாக எழுதியிருந்தேன்.

ஆகவே அறிக்கையை அனுப்பவில்லை. எல்லாருடைய வகுப்பிலும் மறுபடி, கடைசிவரை உட்காரப் போகிறேன் என்று பிரின்சிபாலுக்கு எழுதிவிட்டேன். தங்கள் கட்டம் மட்டும் அப்படியே இருக்கும். மற்றவை எல்லாம் அழிக்கப்பட்டன. மார்ச் முழுவதும் நான் அங்கே வந்து போக வேண்டியிருக்கும். சாப்பாட்டு விதியை ரத்து செய்கிறேன்.

இவ்வளவு எழுதியபின் என் முதல் கடிதத்தின் நகலை எடுத்துப் பார்த்தேன். எல்லாரையும் ஒரே அளவு நேரம் பார்த்தேன், ஆகவே யாருக்கும் அநீதி செய்யவில்லை என்று மூன்றாவதாக எழுதியிருக்கிறேன். அது தவறு.

தங்கள்,
சம்பந்தி